உறங்கும் சாரதியும் விழித்திருக்கும் சட்டமும்

மதுபோதையில் வாகனம் செலுத்துவதற்கு எதிரான சட்டங்கள் எவ்வளவு கடுமையானவையாக இருந்தாலும் அவற்றை ஆட்சேபிப்பதற்கு நியாயமான காரணம் எதுவும் கிடையாது. வீதியில் செல்லும் அப்பாவிகளின் உயிருக்கு உலைவைக்கும் உரிமை எந்தச் சாரதிக்கும் இல்லை. அதிலும், 36 தொன் வரையான எடையுடன் நெடுஞ்சாலையில் விரையும் பாரவூர்தி ஒன்றின் சாரதி மற்றையவர்களை விடவும் கூடுதலான கட்டுப்பாடுகளுக்கு உட்படுத்தப்பட வேண்டியவர் என்பதில் இரு கருத்துக்கு இடமில்லை.

ஆனால், வாகனத்தைச் செலுத்தாமல் தரிப்பிடத்தில் நிறுத்திவிட்டு அதற்குள்ளேயே உறங்கிக்கொண்டிருக்கும் சாரதியையும் அதே குற்றத்தின் பேரில் சட்டம் தண்டிக்கலாமா என்பது வேறு ஒரு கேள்வி. அமெரிக்காவிலும் கனடாவிலும் நீதிமன்றங்களின் முன்னிலையில் திரும்பத்திரும்ப எழுந்துகொண்டிருக்கும் கேள்வி இது. கனடாவில் குடியேறிய நம்மவர்கள் மத்தியிலும் பாரவூர்திச் சாரதிகள் இருக்கிறார்கள். ஒன்ராறியோவில் சரக்கை ஏற்றிக்கொண்டு எல்லை கடந்து அமெரிக்காவின் பல மாநிலங்களூடாகச் செல்லும் ஒருவருக்கு இந்தக் கேள்விக்கான பதில் அவரது தொழிலின் இருப்புடன் சம்பந்தப்பட்டதாகும்.

தூரப்பயணப் பாரவூர்தி ஒன்று அதன் சாரதிக்கு வாகனம் மாத்திரமல்ல. சாரதி ஆசனத்துக்குப் பின்னால் ஒரு படுக்கை இருக்கும். உடைகளும் உணவும் அதற்குள்ளேயே இருக்கும். கிழமைக்கணக்கில் வீட்டைப் பிரிந்திருக்கும் அவருக்கு அதுவே தற்காலிக வீடு. அந்த வீட்டில் தங்குமாறு அவரைப் பணிப்பதும் சட்டமே. அமெரிக்க மத்திய அரசாங்கத்தின் ஒழுங்குவிதிகளின் பிரகாரம் சரக்கு ஏற்றிச்செல்லும் சாரதி ஒருவர் கடமை தொடங்கியதில் இருந்து 14 மணித்தியாலங்களுக்குள் கூடியபட்சம் 11 மணித்தியாலங்களே வாகனத்தைச் செலுத்தலாம். அதற்குப் பிறகு தொடர்ச்சியாக 10 மணித்தியாலங்கள் அவர் கடமையில் இருந்து விலகியிருக்கவேண்டும். 2017 டிசம்பர் முதல் இந்த நேரக்கணக்கைப் பெரும்பாலான பாரவூர்திகளில் இலத்திரனியல் கருவியே பதிவுசெய்கிறது. நேரம் முடிந்ததும் கிடைத்த இடத்தில் நிறுத்தித்தான் ஆகவேண்டும்.

மது விடயத்தில் அதே விதிகள் மிகவும் தெளிவானவை. கடமைக்குத் திரும்புவதற்கு முன்னரான 4 மணித்தியாலங்களுக்குள் சாரதி மது அருந்தக்கூடாது. கடமையில் இருக்கும்போதோ வாகனம் தனது கட்டுப்பாட்டில் இருக்கும்போதோ அவரது உடலில் மதுவின் சுவடு கூட இருக்கக்கூடாது. விற்பனைக்காக ஏற்றிச்செல்லப்படும் சரக்கைத் தவிர வேறு மதுபானத்தை அவர் கடமை நேரத்தில் உடைமையில் வைத்திருக்கவும் கூடாது. மீறினால் 24 மணித்தியாலங்களுக்குப் பணியில் இருந்து நிறுத்தப்படுவார். இவற்றில் எதையும் தளர்த்தவேண்டும் என்று கூறுவதற்கில்லை.

சிக்கல் மாநிலச் சட்டங்களில் தொடங்குகிறது. வாகனத்தைச் 'செலுத்துவது' மாத்திரமல்ல, போதையில் அதனைத் 'தனது கட்டுப்பாட்டில் வைத்திருப்பதும்' பல மாநிலங்களில் குற்றமாகும். போதையில் இருக்கும் ஒருவர் புறப்படுவதற்கு முன்னரே அவரைத் தடுத்துவிடவேண்டும் என்ற நல்ல நோக்கத்துடனேயே அவ்வாறு எழுதப்பட்டது. ஆனால், கட்டுப்பாடு என்பதன் அர்த்தம் மாநிலத்துக்கு மாநிலம் மாறுகிறது.

மினசோட்டா மாநிலத்தில் 2007ஆம் ஆண்டு ஒருவர் தனது குடியிருப்பின் வாகனத் தரிப்பிடத்தில் சொந்தக் காருக்குள் உறங்கிக்கொண்டிருந்தபோது கைதுசெய்யப்பட்டார். இயந்திரம் குளிர்ந்திருந்தது. சாவி ஆசனங்களுக்கு நடுவேயுள்ள பெட்டியில் கிடந்தது. பின்னர் பொலிஸார் அதே சாவியைக் கொண்டு காரை இயக்க முயன்றபோது அது இயங்கவில்லை. ஆனாலும் அவர் குற்றவாளி என்ற தீர்ப்பை மாநிலத்தின் அதியுயர் நீதிமன்றம் 2010ஆம் ஆண்டு உறுதிசெய்தது. மேரிலாந்தின் அதியுயர் நீதிமன்றமோ 1993ஆம் ஆண்டிலேயே இதற்கு நேர்மாறான நிலைப்பாட்டை எடுத்திருந்தது. வாகனத்தை வெறும் தங்குமிடமாகப் பயன்படுத்துபவரைத் தண்டிப்பது சட்டவாக்க சபையின் நோக்கமல்ல என்று அந்த நீதிமன்றம் கூறியது.

இரத்தத்தில் மதுவின் அளவு 0.05 சதவீதத்தை எட்டினாலே குற்றம் என்று 2018 டிசம்பரில் இருந்து அமெரிக்காவிலேயே மிகவும் இறுக்கமான எல்லையை வகுத்திருக்கும் யூட்டா மாநிலத்தின் சட்டத்தைக் கவனிப்பது பயனுடையது. சாரதி ஆசனத்தில் அல்லாமல் வேறு இடத்தில் உறங்குபவர், இயந்திரம் ஓடாமலும் வாகனம் சட்டப்படி நிறுத்தப்பட்டும் இருந்து, போதையுடன் அவர் அந்த இடத்துக்கு வாகனத்தைச் செலுத்திவரவில்லை என்பதும் தெளிவாகத் தெரிந்தால், வாகனத்தைக் கட்டுப்பாட்டில் வைத்திருப்பவராகக் கருதப்படமாட்டார் என்று அந்தச் சட்டம் கூறுகிறது. வீதியில் கடுமையும் படுக்கையில் நிதானமும் ஒரே சட்டத்தில் இருக்கமுடியும் என்பதற்கு இதை விடவும் வேறு சான்று தேவையில்லை.

ஒரே சாரதி, ஒரே படுக்கை, ஒரே அளவு மது. ஒரு மாநிலத்தில் அவர் உறங்கும் மனிதர். இன்னொரு மாநிலத்தில் அவர் குற்றவாளியாகலாம். தண்டனையும் சாதாரணமானதல்ல. மதுபோதைக் குற்றம் முதற்தடவை நிரூபிக்கப்பட்டால் பாரவூர்தி செலுத்தும் தகுதி ஒரு வருடத்துக்குப் பறிக்கப்படும். அபாயகரமான பொருட்களை ஏற்றிச்சென்றிருந்தால் 3 வருடங்கள். இரண்டாவது தடவையென்றால் ஆயுட்காலத் தடை. வேறு தொழில் தெரியாத ஐம்பது வயது மனிதர் ஒருவருக்கு ஒரு வருடம் என்பதே தொழில் வாழ்க்கையின் முடிவாக இருக்கலாம். வீட்டுக் கடனும் பிள்ளைகளின் கல்விச் செலவும் அந்த அனுமதிப்பத்திரத்தில்தான் தொங்கிக்கொண்டிருக்கின்றன.

இங்கே தெரியும் முரண்பாட்டைச் சட்டமியற்றுபவர்கள் எதிர்கொள்ள விரும்புவதில்லை. '10 மணித்தியாலங்களுக்கு நீ சாரதி அல்ல, கடமையில் இல்லாதவன், வாகனத்தை அசைக்கக்கூடாது' என்று ஒரு விதி கூறுகிறது. அதே மணித்தியாலங்களில் 'வாகனம் உனது கட்டுப்பாட்டிலேயே இருக்கிறது. ஆகவே நீ சாரதியே' என்று இன்னொரு விதியால் கூறமுடிகிறது. ஓய்வுநேரத்துக்குச் சம்பளம் கேட்டால் கடமையில் இல்லாதவர். இரண்டு கிண்ணம் பியர் அருந்தினால் கடமையில் இருப்பவர். இரண்டில் எது உண்மை என்பதைச் சட்டம் தீர்மானித்துக்கொள்ளவேண்டும்.

மறுபக்க வாதத்தையும் அலட்சியம் செய்யமுடியாது. நள்ளிரவில் குளிர் தாங்காமலோ, தரிப்பிடத்தில் இருந்து வெளியேறுமாறு எவராவது கதவைத் தட்டியதாலோ அரைத்தூக்கத்தில் எழும்பி வாகனத்தை நகர்த்தும் சாரதியினால் பேரழிவு ஏற்படலாம். அதைவிடவும் பெரிய ஆபத்து விடியற்காலையில் இருக்கிறது. உடலில் இருந்து மது மணித்தியாலத்துக்குச் சுமார் 0.015 சதவீதம் என்ற வேகத்திலேயே வெளியேறும். நள்ளிரவில் 0.15 சதவீத அளவுடன் படுக்கைக்குப் போகும் ஒருவரின் இரத்தத்தில் அதிகாலை 5 மணிக்கும் சுமார் 0.075 சதவீதம் எஞ்சியிருக்கும். பாரவூர்திச் சாரதிகளுக்கான 0.04 சதவீத எல்லையின் ஏறத்தாழ இரு மடங்கு அது. குளிப்பும் கோப்பியும் அதைக் குறைப்பதில்லை. 4 மணித்தியால விதியை அனுமதியாக விளங்கிக்கொள்ளும் சாரதி தன்னையும் பிறரையும் ஏமாற்றுகிறார். எனவே, புறப்படும் நேரத்தில்தான் சட்டத்தின் முழுக்கவனமும் இருக்கவேண்டும். படுக்கையில் கிடப்பவரைத் தண்டிப்பதில் செலவிடப்படும் சக்தி அந்தக் கவனத்தைத் திசைதிருப்புகிறது.

உறங்குபவரைத் தண்டிக்கும் சட்டம் இன்னொரு தீங்கையும் செய்கிறது. அளவுக்கு மீறிக் குடித்துவிட்டேன், இனிச் செலுத்தக்கூடாது என்று முடிவெடுத்துப் படுப்பவருக்கும், எப்படியாவது போய்ச்சேரலாம் என்று புறப்படுபவருக்கும் ஒரே தண்டனை என்றால், புறப்படாமல் இருப்பதற்கான ஊக்குவிப்பு எங்கே? புறப்பட்டவர் அகப்படாமலும் போகலாம். படுத்தவரோ அசையாமல் ஒரே இடத்தில் இருப்பதால் இலகுவில் அகப்படுகிறார்.

கனடாவின் அதியுயர் நீதிமன்றம் 2012ஆம் ஆண்டு வழங்கிய தீர்ப்பொன்று இதற்கு ஒரு நியாயமான அளவுகோலைத் தந்தது. கியூபெக்கில் கடும் குளிர்காலத்தில், தன்னை வீட்டுக்கு அழைத்துச்செல்ல வரவிருந்த வாடகைச் சாரதிக்காகத் தனது வாகனத்துக்குள் வெப்பமூட்டியை இயக்கிவிட்டுக் காத்திருந்த ஒருவர் உறங்கிப்போனார். வந்த சாரதி பொலிஸாருக்கு அறிவித்தார். விசாரணை நீதிமன்றம் விடுதலை செய்ய, மேன்முறையீட்டு நீதிமன்றம் குற்றவாளியாகக் கண்டது. அதியுயர் நீதிமன்றமோ, ஆட்களுக்கோ சொத்துக்கோ மெய்யான ஆபத்து ஏற்படும் சாத்தியம் இருக்கவேண்டும் என்று கூறி விடுதலையை மீண்டும் நிலைநாட்டியது. ஆனால், 2018 டிசம்பரில் நடைமுறைக்கு வந்த திருத்தங்களின் கீழும், சாரதி ஆசனத்தில் காணப்படுபவர் வாகனத்தை நகர்த்தும் நோக்கம் தனக்கு இருக்கவில்லை என்பதைத் தானே நிரூபிக்கவேண்டியவராக இருக்கிறார். நம்மவர்கள் இதை மனதில் கொள்வது நல்லது. களைப்பில் ஆசனத்திலேயே சாய்ந்து உறங்குவதற்கும் பின்னாலுள்ள படுக்கையில் உறங்குவதற்கும் இடையில் சட்டத்தின் பார்வையில் பெரும் வேறுபாடு இருக்கக்கூடும். பிரித்தானியாவின் 1988ஆம் ஆண்டு வீதிப் போக்குவரத்துச் சட்டத்திலும் வாகனத்துக்குப் 'பொறுப்பாக இருத்தல்' தனிக் குற்றம். போதை தெளியும்வரை செலுத்தும் சாத்தியம் இருக்கவில்லை என்பதைக் காட்டும் சுமை அங்கும் சாரதியின் தலையில்தான்.

ஜேர்மனியின் வழி வேறானது. இயந்திரத்தை இயக்குவது மாத்திரம் வாகனம் செலுத்துவதாகாது, சக்கரம் உருளவேண்டும் என்று அந்நாட்டின் சமஷ்டி நீதிமன்றம் 1988ஆம் ஆண்டு தீர்ப்பளித்தது. அதற்காக அங்குள்ள பொலிஸார் கைகட்டிக்கொண்டு இருப்பதில்லை. கனரக பாரவூர்திகள் ஞாயிற்றுக்கிழமைகளில் இரவு 10 மணி வரை ஓடுவதற்குத் தடை இருப்பதால் அன்றைய தினம் நெடுஞ்சாலைத் தரிப்பிடங்கள் நிரம்பிவழியும். தடை நீங்குவதற்கு முன்னதாகப் பொலிஸார் அங்கு சென்று சாரதிகளைச் சுவாசப் பரிசோதனைக்கு உட்படுத்துகிறார்கள். போதையில் இருப்பவர் தெளியும்வரை புறப்படவிடாமல் சாவியை வாங்கிவைத்துவிடுகிறார்கள். வீதியும் பாதுகாக்கப்படுகிறது, சாரதியின் பிழைப்பும் பறிபோவதில்லை. பிடுங்கவேண்டியது சாவியையே தவிர சோற்றுத் தட்டையல்ல என்ற எளிமையான விவேகம் அதில் இருக்கிறது.

சாரதிகளை இந்த நிலைக்குத் தள்ளியவர்கள் பற்றியும் பேசவேண்டும். 2009ஆம் ஆண்டில் தென் கரோலினாவில், சரக்கை இறக்கும் இடத்துக்கு முன்கூட்டியே வந்துவிட்ட சாரதி ஒருவர் பாதுகாப்பான தரிப்பிடம் இல்லாமல் கைவிடப்பட்ட எரிபொருள் நிலையமொன்றில் வாகனத்தை நிறுத்தி உறங்கியபோது கொள்ளையரால் கொல்லப்பட்டார். அவர்களுக்குக் கிடைத்தது 7 டொலர்கள். அவரது பெயரால் 2012ஆம் ஆண்டு 'ஜேசன் சட்டம்' கொண்டுவரப்பட்ட பிறகும் தரிப்பிடப் பற்றாக்குறை தீரவில்லை. ஐரோப்பிய நீதிமன்றம் 2017 டிசம்பரில் வழங்கிய தீர்ப்பும் 2020 ஆகஸ்டில் நடைமுறைக்கு வந்த ஐரோப்பிய ஒன்றிய விதிகளும் 45 மணித்தியால வாராந்த ஓய்வைச் சாரதிகள் வாகனத்துக்குள் கழிப்பதைத் தடைசெய்து, தங்குமிடச் செலவைத் தொழில் வழங்குநரின் பொறுப்பாக்கின. இரண்டு நாட்களுக்கு ஒரு மனிதனை இரும்புப் பெட்டிக்குள் அடைத்துவைத்துவிட்டு அவன் ஏன் குடிக்கிறான் என்று கேட்பதில் நியாயமில்லை என்பதைக் குறைந்தபட்சம் ஐரோப்பாவாவது ஏற்றுக்கொண்டிருக்கிறது.

நமது நாட்டில் மோட்டார் வாகனச் சட்டத்தின் 151ஆம் பிரிவு மது அருந்திய பின்னர் வீதியில் வாகனம் செலுத்துவதைக் குற்றமாக்குகிறது. தம்புள்ளைக்கும் பேலியகொடைக்கும் மரக்கறி ஏற்றிவரும் லொறிகளின் ஆசனங்களில் கால்களை வெளியே நீட்டிக்கொண்டு உறங்கும் சாரதிகளை நாம் அன்றாடம் காண்கிறோம். அவர்களுக்குப் படுக்கையும் இல்லை. கழிப்பறை வசதியுள்ள தரிப்பிடமும் போதுமானதாக இல்லை. ஒவ்வொரு பெரிய விபத்துக்குப் பிறகும் இங்கு கடுமையான சட்டம் வேண்டும் என்ற குரல் ஓங்கி ஒலிப்பது வழமை. கடுமை வேண்டியதுதான். புறப்படும் சாரதியைப் பரிசோதிக்கட்டும். குடித்துவிட்டு ஓட்டுபவரின் அனுமதிப்பத்திரத்தை ஈவிரக்கமின்றிப் பறிக்கட்டும். ஆனால், ஓட்டக்கூடாது என்று முடிவெடுத்த சாரதிக்குக் கண்ணயர ஒரு பாதுகாப்பான இடத்தையும், சட்டம் தன்னைத் தட்டியெழுப்பிக் குற்றவாளியாக்காது என்ற நம்பிக்கையையும் முதலில் கொடுக்கவேண்டும். அந்த முடிவை எடுக்கும் ஒவ்வொரு சாரதியும் அன்றிரவு வீதியில் செல்லும் முன்பின் அறியாத ஒரு குடும்பத்தைக் காப்பாற்றுகிறார்.