அன்பை அறியாத அறிவு

கதை வாசிப்போர் பலருக்கும் பழக்கமான ஓர் அனுபவம் உண்டு. கதாநாயகனை மறந்துவிடுகின்றோம், வில்லனை மறப்பதில்லை. அவன் வெறும் முரடனாக இராமல், நுண்ணறிவு மிக்கவனாகவும் பிறர் மனத்தில் ஓடுவதை முன்கூட்டியே கணித்துவிடுபவனாகவும் இருந்தால், அவனை வெறுக்கும் அதே வேளையில் உள்ளூர வியக்கவும் செய்கின்றோம். பாரதக் கதை கேட்ட நம் மூதாதையர் சகுனியைச் சபித்துக்கொண்டே அவனது மதியூகத்தை மெச்சியதும் இதனாலேயே. இன்று நம் பிள்ளைகள் துப்பறியும் நாவல்களையும் திரைப்படங்களையும் தொடர்களையும் விரும்பி நாடுகின்றனர். அவற்றில் வரும் அறிவுக்கூர்மை மிக்க தீயவனைப் பற்றியே அவர்கள் ஆர்வத்தோடு பேசுவதைக் கேட்கும் பெற்றோர் கலங்குகின்றனர். இவற்றை அனுமதிக்கலாமா, விலக்க வேண்டுமா என்ற கேள்வி எழுகின்றது.

விலக்க வேண்டியதில்லை என்பதே இக்கட்டுரையின் நிலைப்பாடு. நல்ல எழுத்தாளர் படைத்த அறிவாளி வில்லன், கவனமாக வாசிப்போருக்கு ஆழ்ந்ததொரு மறைக்கல்விப் பாடத்தைக் கற்பிக்கின்றான். மனித அறிவு எவ்வளவு தொலைவுக்குப் பார்க்கக்கூடியது, எந்த இடத்தில் அது குருடாகின்றது என்பதே அப்பாடம்.

தீமை மூடத்தனமன்று

திருவிவிலியம் தீமையை ஒருபோதும் முட்டாளாகச் சித்திரிப்பதில்லை. தொடக்க நூலின் மூன்றாம் அதிகாரத்தில் வரும் பாம்பு, விலங்குகள் அனைத்திலும் சூழ்ச்சி மிக்கதாகவே நமக்கு அறிமுகமாகின்றது. அது ஏவாளை அச்சுறுத்தவில்லை. ஒரு கேள்வியை மட்டும் கேட்கின்றது. கடவுள் சொன்னதைச் சற்றே திரித்து, ஐயம் என்னும் விதையை ஊன்றிவிட்டு நிற்கின்றது.

தாவீது அரசரின் ஆலோசகனான அகித்தோபலையும் எண்ணிப் பாருங்கள். அவனது ஆலோசனை கடவுளின் வாக்குக்கு ஒப்பாக மதிக்கப்பட்டதெனச் சாமுவேல் இரண்டாம் நூல் கூறுகின்றது (2 சாமு 16:23). அத்தகையவன் அப்சலோமின் கிளர்ச்சியில் சேர்ந்து தன் அரசருக்கே துரோகியானான். 12,000 பேரோடு அன்றிரவே தாவீதைத் துரத்த வேண்டும் என அவன் கூறிய யோசனை போர்த்தந்திரம் என்ற வகையில் மிகச் சரியானதே. அவனது அறிவு தவறவில்லை. தவறியது அவனது பற்றுறுதி. தன் ஆலோசனை ஏற்கப்படாததைக் கண்டதும் அவன் ஊர் திரும்பி, வீட்டுக் காரியங்களை ஒழுங்குபடுத்திவிட்டுத் தூக்கிட்டு மாண்டான் (2 சாமு 17:23). இறுதிவரை ஒழுங்காகச் சிந்தித்த மனிதனின் முடிவு இது.

13ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த புனித தோமஸ் அக்குவினாஸ் இதற்கு ஆழமான விளக்கம் தருகின்றார். வீழ்ந்த வானதூதர்கள் தம் இயல்பான அறிவை இழக்கவில்லை என்பது அவரது போதனை. அறிவு அவர்களது இயல்பைச் சேர்ந்தது. எனவே அது குன்றாமல் நிலைத்தது. அன்பைப் பிறப்பிக்கும் அறிவே, அதாவது அறிந்தவரை நேசிக்கச் செய்யும் ஞானமே, அவர்களிடமிருந்து அகன்றது. அவர் முன்மதியையும் தந்திரத்தையும் வேறுபடுத்திக் காட்டுவதும் நினைவில் கொள்ளத்தக்கது. இரண்டும் வெளித்தோற்றத்தில் ஒன்றுபோலவே இருக்கும். முன்மதி நல்ல நோக்கத்தை நேரிய வழியில் நாடும். தந்திரமோ பொய்யும் போலியுமான வழிகளைத் தேர்ந்துகொள்ளும்.

இயாகோவின் கணக்கு

இலக்கியத்தின் அறிவாளி வில்லன்களை இந்த ஒளியிலே பார்த்தால் அவர்களது உண்மை உருவம் தெரியும். ஷேக்ஸ்பியரின் ஒதெல்லோ நாடகம் 1604இல் இங்கிலாந்து அரசவையில் நடிக்கப்பட்டது. அதில் வரும் இயாகோ, தன் படைத்தலைவனான ஒதெல்லோவை அழிக்க வாளேதும் ஏந்தவில்லை. ஒவ்வொருவரின் உள்ளத்தையும் படித்துவைத்திருந்தான். கசியோவுக்கு மது தாங்காது. ஒதெல்லோ எவரையும் எளிதில் நம்புபவன். டெஸ்டிமோனா துன்புறுவோருக்காகப் பரிந்து பேசாமல் இருக்கமாட்டாள். குறைகளை மட்டுமன்றி நற்குணங்களையும் அவன் தன் வலையின் இழைகளாக்கினான். ஒரு கைக்குட்டையைக் கொண்டு ஒரு குடும்பத்தையே குலைத்தான். இத்தனைக்கும் ஒதெல்லோ அவனை நேர்மையானவன் என்றே இறுதிவரை நம்பியிருந்தான்.

ஆனால் அவனது கணக்கு ஓரிடத்தில் பிழைத்தது. கைக்குட்டையை எடுத்துக் கொடுத்த அவனது சொந்த மனைவி எமிலியா, கொல்லப்பட்ட தன் எசமானியின் உடலருகில் நின்று உண்மையை உரக்கக் கூறினாள். வாயை மூடு என்று கணவன் கட்டளையிட்டும் அவள் அடங்கவில்லை. அதற்காக அவன் கையாலேயே குத்துண்டு இறந்தாள். ஒருத்தி அன்பின் பொருட்டுத் தன் உயிரையும் கொடுப்பாள் என்பது அந்தப் பேரறிவாளனின் கணக்கில் இருக்கவில்லை.

இதே குருட்டுத்தன்மையை சி. எஸ். லூயிஸ் 1942இல் வெளியிட்ட 'ஸ்க்ரூடேப் கடிதங்கள்' என்ற நூலிலும் காணலாம். அனுபவம் மிக்க ஒரு மூத்த பேய், மனிதரைக் கெடுக்கும் வழிகளை இளைய பேய்க்குக் கடிதங்கள் மூலம் கற்பிக்கின்றது. நம் செபத்தின் சோர்வையும், குடும்பங்களில் எழும் சிறு சிறு எரிச்சல்களையும், பக்தியில் கலந்திருக்கும் தற்பெருமையையும் அது துல்லியமாக அறிந்திருக்கின்றது. ஒன்று மட்டும் அதற்கு விளங்கவில்லை: கடவுள் ஏன் இந்த மனிதரை நேசிக்கின்றார் என்பது. அதற்குப் பின்னால் வேறேதோ உள்நோக்கம் இருக்க வேண்டும் என்றே அது நினைக்கின்றது. தன்னலமற்ற அன்பு என்று ஒன்று இருக்க முடியும் என்பதை அதன் கூரிய அறிவு ஏற்க மறுக்கின்றது.

அருட்தந்தை பிரவுணும் திருடனும்

ஷேர்லொக் ஹோம்ஸின் எதிரியான பேராசிரியர் மொரியார்ட்டியை அறியாத துப்பறியும் கதை வாசகர் அரிது. இயேசு சபையினரிடம் கல்வி கற்று, பின்னர் விசுவாசத்தைக் கைவிட்ட கோனன் டொயில், 1893இல் இப்பாத்திரத்தை அறிமுகப்படுத்தினார். தமது 21ஆவது வயதிலேயே ஈருறுப்புத் தேற்றம் பற்றி ஆய்வெழுதிய கணித மேதை மொரியார்ட்டி. வலையின் நடுவே அசையாதிருக்கும் சிலந்தியைப் போல லண்டனின் குற்றங்களை இயக்குபவன். அறிவுக்கு அறிவு மோதிய அப்போராட்டம் சுவிற்சர்லாந்தின் ரைகன்பாக் நீர்வீழ்ச்சியில் அவனது சாவோடு முடிகின்றது. தீயவனை வெல்வதும் ஒழிப்பதுமே அங்கு நீதி.

கத்தோலிக்க எழுத்தாளர் ஜி. கே. செஸ்டர்டன் இதே வகைக் கதையை வேறு பாதையில் கொண்டுசென்றார். 1910இல் வெளிவந்த 'நீலச் சிலுவை' என்ற கதையில் பிளாம்போ என்ற பிரெஞ்சுத் திருடன் வருகின்றான். மாறுவேடத்தில் வல்லவனான அவன், குரு வேடம் பூண்டு, விலையுயர்ந்த சிலுவையொன்றை எடுத்துச் செல்லும் அப்பாவித் தோற்றமுடைய அருட்தந்தை பிரவுணை ஏமாற்ற முயல்கின்றான். இறுதியில் ஏமாறுபவன் அவனே. பாவசங்கீர்த்தனத்தில் மனிதரின் பாவங்களைக் கேட்டுக் கேட்டுக் குற்றத்தின் வழிகளையெல்லாம் தாம் அறிந்திருப்பதாகக் குருவானவர் விளக்குகின்றார். அவன் போலிக்குரு என்பதைக் கண்டுகொண்ட விதமும் சுவையானது. உரையாடலின்போது அவன் பகுத்தறிவைப் பழித்துப் பேசினான். உண்மையான இறையியல் கற்ற குரு அவ்வாறு பேசமாட்டார்!

இக்குருவின் பாத்திரம் பிறந்ததற்கு ஓர் உண்மை நிகழ்வு உண்டு. அருட்தந்தை ஜோன் ஓகொனர் என்ற குருவோடு உரையாடிய செஸ்டர்டன், தீமையின் ஆழங்களைப் பற்றி அவர் அறிந்திருந்தவற்றைக் கேட்டுத் திகைத்துப்போனார். சற்று நேரத்தில் அங்கிருந்த இரு பல்கலைக்கழக மாணவர், உலகின் தீமையை அறியாமல் ஒதுங்கி வாழ்பவர்கள் குருக்கள் என்று குறைகூறியது அவருக்கு நகைப்பை வரவழைத்தது. அந்த முரணிலிருந்தே அருட்தந்தை பிரவுண் உருவானார். 1922இல் செஸ்டர்டன் கத்தோலிக்கத் திருச்சபையில் இணைந்தபோது அவரை ஏற்றுக்கொண்டவரும் அதே குருவானவரே.

பிளாம்போவின் முடிவே நம் சிந்தனைக்குரியது. மற்றொரு கதையில், கிறிஸ்து பிறப்பு விழாக் காலத்து இரவொன்றில், களவெடுத்த வைரங்களோடு மரத்தில் ஒளிந்திருக்கும் அவனிடம் குருவானவர் கீழிருந்து பேசுகின்றார். நன்மையில் ஒரே நிலையில் நிற்க இயலலாம்; தீமையில் எவரும் ஒரே நிலையில் நிற்க முடியாது, அவ்வழி கீழ்நோக்கியே செல்லும் என்று எடுத்துரைக்கின்றார். வைரங்கள் கீழே விழுகின்றன. திருடன் மனந்திரும்புகின்றான். பின்னாளில் அதே கூரிய அறிவோடு துப்பறிபவனாகவும் அருட்தந்தையின் நண்பனாகவும் மாறுகின்றான். அவனைத் துரத்திவந்த புகழ்மிக்க பொலிஸ் அதிகாரி வலன்ரினோ, திருச்சபை மீது கொண்ட வெறுப்பினால் கொலைகாரனாகி மாள்கின்றான். அறிவு சட்டத்தின் பக்கம் நின்றாலும், அன்பு இல்லையேல் அதற்குப் பாதுகாப்பில்லை.

நம் இல்லங்களில்

அன்பானவர்களே, இக்கதைகள் நம் இல்லங்களோடும் பேசுகின்றன. 'கெட்டிக்காரப் பிள்ளை' என்பதே நம்மிடையே பிள்ளையொன்றுக்குக் கிடைக்கும் மிக உயர்ந்த பாராட்டு. ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில் பரீட்சை முதல் உயர்தரப் பரீட்சையின் இஸட் புள்ளி வரை, பிள்ளையின் மதிப்பை எண்களால் அளக்கப் பழகிவிட்டோம். உடன் படிப்பவனுக்குக் குறிப்புக் கொடுக்காமல் மறைத்த மகனை நாம் கண்டிப்பதில்லை. சாமர்த்தியமாகப் பொய் சொல்லித் தப்பிக்கொண்ட மகளின் கதையை உறவினரிடம் சிரித்தபடி சொல்கின்றோம். வில்லனை நாம் திரையில் மட்டுமா மெச்சுகின்றோம்?

கைம்பெண்ணின் காணி உறுதியை மாற்றி எழுதுவதற்கு அறிவு வேண்டும். வெளிநாடு அனுப்புவதாகக் கூறி ஏழைக் குடும்பத்தின் நகைகளை விற்கச் செய்வதற்கும் அறிவு வேண்டும். நம் சமூகத்தை அதிகம் புண்படுத்துபவர்கள் படிக்காதவர்கள் அல்லர். அவர்களும் ஒரு காலத்தில் யாரோ ஒரு தாயின் கெட்டிக்காரப் பிள்ளைகளாக இருந்தவர்களே.

இதற்கு மறுபுறமும் உண்டு. நல்லவன் என்றால் ஒன்றும் தெரியாதவன் என்ற எண்ணமும் நம்மிடையே வேரூன்றியுள்ளது. ஆண்டவர் இயேசு அவ்வாறு போதிக்கவில்லை. பாம்பின் முன்மதியையும் புறாவின் கபடின்மையையும் ஒருங்கே கொண்டிருக்குமாறு தம் சீடரைப் பணித்தார் (மத் 10:16). நேர்மையற்ற வீட்டுப் பொறுப்பாளரின் உவமையில், ஒளியின் மக்களிடம் இல்லாத முன்மதி இவ்வுலகின் மக்களிடம் இருப்பதைச் சுட்டிக்காட்டினார் (லூக் 16:8). எனவே பிள்ளையின் அறிவை மழுங்கச் செய்வது கிறிஸ்தவ வளர்ப்பாகாது. அதற்கு அன்பு என்னும் திசையைக் காட்டுவதே நம் கடமை.

அறிவாளி வில்லனின் கதையைப் பிள்ளை வாசித்து முடித்ததும் நூலைப் பறிக்க வேண்டாம். அருகில் அமர்ந்து சில கேள்விகளைக் கேட்டுப் பாருங்கள். இவன் தன் அறிவை யாருக்காகச் செலவழித்தான்? இவனை உண்மையாக நேசித்தவர் எவரேனும் இருந்தனரா? எந்த இடத்தில் இவனது கணக்குப் பிழைத்தது, ஏன்? பதிலைப் பிள்ளையே கண்டுகொள்ளும். மறைபொருள்கள் அனைத்தையும் அறிந்திருந்தும் அன்பு இல்லையேல் தாம் ஒன்றுமில்லை எனப் புனித பவுல் எழுதியதன் பொருளும் (1 கொரி 13:2) அவ்வேளையில் பிள்ளைக்கு விளங்கும்.

சிலுவையைத் திட்டமிட்டவர்களும் தேர்ந்த அறிவாளிகளே. மக்கள் அனைவருக்காகவும் ஒருவர் இறப்பது நலம் என்ற கயபாவின் வாதத்தில் (யோவா 11:50) அரசியல் கணக்கு பிசகவில்லை. ஆனால் ஒருவர் தாமே மனமுவந்து, தம்மை அறைந்தவர்களுக்காகவும் மன்றாடியபடி உயிர்கொடுப்பார் என்பதை அந்தக் கணக்கால் காண முடியவில்லை. உயிர்ப்பு ஞாயிறு அவர்களது கணக்கைக் கடந்து நின்றது. நம் பிள்ளைகளை அறிவில் சிறந்தவர்களாக வளர்க்கும் நாம், அந்த அன்பையும் கண்டுகொள்ளும் கண்களை அவர்களுக்குத் தருமாறு தூய ஆவியாரை இறைஞ்சுவோமாக.