வாத்தியமென்றால் வாசித்துக் காட்டும்
ஜப்பானிய இசையமைப்பாளர் இஸாவோ டோமிடா, பிரெஞ்சு இசையமைப்பாளர் டெபுஸியின் படைப்புகளைக் கொண்டு உருவாக்கிய இசைத்தட்டைச் சிலாகித்து எழுதப்பட்ட ஒரு கட்டுரையைப் படித்தபோது, என் மனம் அந்தச் சங்கீதத்தைவிட, அது பிறப்பதற்கு முன் ஜப்பானியச் சுங்க அதிகாரிகளுக்கு உண்டான சந்தேகத்தையே சுற்றிச் சுற்றி வந்தது. 1971-ஆம் ஆண்டு வாக்கில் அமெரிக்காவிலிருந்து அவர் வரவழைத்த மோக் ஸிந்தஸைஸர் என்ற மின்னணு வாத்தியம், குமிழ்களும் துவாரங்களும் கம்பிகளுமாக வந்திறங்கியதும், யுத்தத் தளவாடமோ என்று ஐயுற்ற அவர்கள், வாத்தியமென்றால் வாசித்துக் காட்டும்படி கேட்டார்களாம். பாவம், வாசிக்கும் விதம் அவருக்கே தெரியாது! அந்தக் கேள்வியை நான் பரிகசிக்க மாட்டேன். இயந்திரத்தில் கலை ஏது என்று பிற்பாடு விசாரித்த பண்டிதர்களின் கேள்வியைவிட அது நியாயமானது. ஒரு சமயத்தில் ஒரே ஸ்வரத்தை மட்டும் பேசக்கூடிய அந்த யந்திரத்தோடு மன்றாடி, ஒவ்வொரு நாதத்தையும் தனித்தனியே உருவாக்கி, ஒலிநாடாவில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, ஒரு வாத்திய கோஷ்டி முழுவதையும் ஏகாங்கியாகவே அவர் நிர்மாணித்த பிரயாசைக்கு முன், பிடில் வாசிப்பவனின் சிரமம்கூட அற்பமென்றே தோன்றுகிறது. அப்படி உருவானதை எந்த அலமாரியில் வைத்து விற்பது என்று உள்நாட்டு இசைத்தட்டுக் கம்பெனிகள் கையை விரித்துவிட, 1974-ல் அமெரிக்க ஆர்.சி.ஏ. கம்பெனி அதை வெளியிட்டது; கிராமி விருதுக்கான பரிந்துரைப் பட்டியலில் அவர் பெயர் வந்ததும் அலமாரி தானாகவே கிடைத்துவிட்டது.