தொகைப் பிழை சிறு பிழையா?

மென்பொருள் ஆக்குவோர் சிலரிடையே ஒரு மனப்பாங்கு வேரூன்றியுள்ளது. நிரல் செவ்வனே இயங்கினாற் போதும். அதனை விளக்கும் ஆவணத்திற் கூறுகளின் தொகை ஒன்று கூடினாலென்ன, குறைந்தாலென்ன என்பதே அது. இதனால் அறிமுகப் பக்கத்தில் ஓர் எண், கைந்நூலில் வேறோர் எண், வரைபடத்தில் மூன்றாவதோர் எண் எனக் காண நேர்கின்றது. இதனை அற்பக் குறையென ஒதுக்குவோர், தொகை எதன்பொருட்டுக் கூறப்படுகின்றது என்பதைச் சிந்தித்தவரல்லர்.

பதிற்றுப்பத்தின் முதற் பத்தும் இறுதிப் பத்தும் இன்று கிடைத்தில. நூற்பெயரே தொகையைக் கூறிநிற்றலின், ஏட்டைக் கையிலெடுப்பவருக்கு அக்குறை உடனே புலனாகின்றது. எஞ்சிய எட்டுக்கேற்பப் பெயரை எவரேனும் 'திருத்தி' இருப்பின் இழப்பும் மறைந்தே போயிருக்கும்.

மென்பொருளுலகில் இதற்குத் தக்க சான்று யுனிகோட் ஆகும். 1993 இல் வெளிவந்த அதன் 1.1 ஆம் பதிப்பில் தமிழ்த் தொகுதி 61 குறியீடுகளைக் கொண்டிருந்தது. 2003 இல் நாள், மாதம், வருடம் முதலியவற்றின் குறிகள் எட்டுச் சேர 69 ஆயிற்று. 2005 இல் 71. 2008 இல் ஓங்காரக் குறியுடன் 72. பின்னர் 2019 இல் வெளிவந்த 12.0 ஆம் பதிப்பு, பின்னங்கள், அளவைகள் முதலியவற்றிற்குரிய பழங்குறிகள் 51 ஐ வேறொரு தனித்தொகுதியில் அமைத்தது. ஆகவே 72 என்பதும் மெய், 123 என்பதும் மெய். எத்தொகுதி, எப்பதிப்பு எனக் கூறாதவிடத்து இரண்டும் மயக்கமே தரும். 72 என்று மாத்திரம் கூறும் பழைய கைந்நூலை நம்பி எழுத்துரு ஆக்குபவர், 72 உருக்களை வரைந்ததும் பணி முடிந்ததெனக் கொள்வார். அவ்வெழுத்துருவிற் பழங்கணக்கேட்டின் முந்திரியும் காணியும் வெற்றுக் கட்டங்களாகவே தோன்றும்.

கணனியே எண்ணட்டும், பிழை நேராது என்பர் ஒரு சாரார். பெரிதும் ஏற்கத்தக்க கூற்றே. ஆயினும் யுனிகோட்டின் மூலத் தரவுக்கோப்பிற் சீன எழுத்துக்களின் பெருந்தொடர்கள் ஒவ்வொன்றும் முதல், இறுதி என இரு வரிகளால் மாத்திரமே குறிக்கப்படுகின்றன. வரிகளை எண்ணும் நிரல் பல்லாயிரம் எழுத்துக்களைத் தவறவிடும், அதுவும் மிக விரைவாக! எண்ணப்படுவது யாது என வரையறுத்தல் மனிதர்க்குரிய வேலை. யுனிகோட் அமைப்பினர் இதிற் கவனமுடையர்: 65 கட்டுப்பாட்டுக் குறிகளை விலக்கியே மொத்தம் கூறுவர். 15.1 ஆம் பதிப்பில் 149,813, 16.0 ஆம் பதிப்பிற் சேர்ந்தவை 5,185; மொத்தம் 154,998. எவரும் கூட்டிச் சரிபார்க்கலாம்.

மாறும் எண்ணை எழுதாது விடுதலே மேல் என்பார் கூற்றிலும் பாதி உண்மையுண்டு. வாசகருக்குப் பயனற்ற இடத்தில் விட்டுவிடலாம். எழுதுமிடத்து ஓரிடத்தில் மட்டும், பதிப்பும் எண்ணிய பொருளும் உடன்தோன்ற எழுதுக. ஏனைய பக்கங்கள் அவ்விடத்தையே சுட்டட்டும். கூறொன்றைச் சேர்ப்பவர் அன்றே அவ்வெண்ணையும் திருத்தல் வேண்டும். அதற்கு நேரமில்லை என்போர், பிழையான எண்ணை எழுதுதற்கு மாத்திரம் நேரம் கண்டது எங்ஙனம்?