'விளக்கப்பட்டது' என்று ஒரு வரி



நீளமான பதிவு. மணி அடித்த பிறகும் விடமாட்டேன் என்பது உங்களுக்குத் தெரிந்ததுதான். பொறுமை இருந்தால் படியுங்கள். கோபம் வந்தால் கீழே வந்து சண்டை போடுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை நம் குடும்பக் குழுவில் ஒரு வீடியோ சுற்றியது. ஏதோ ஓர் ஊர் ஆஸ்பத்திரியில் குழந்தைகள் வார்டு. டிரிப்ஸ் ஏறும் கையோடு குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு தாய் நடக்கிறாள். பாட்டிலைத் தாழ்த்திப் பிடித்திருப்பதால் குழாயில் ரத்தம் ஏறிவிட்டது. சிஸ்டர் ஓடி வந்து "அறிவிருக்கா உனக்கு?" என்று கத்துகிறார். அவ்வளவுதான் வீடியோ. அதற்குள் நம் ஆட்கள் தீர்ப்பு எழுதி முடித்துவிட்டீர்கள். பாதிப் பேர் "கவர்மென்ட் நர்ஸுங்களே இப்படித்தான்" என்றீர்கள். மீதிப் பேர் "படிக்காத ஜனங்க, சொன்னாலும் புரியாது" என்றீர்கள். நோயில் கிடக்கும் குழந்தையின் முகத்தை ஊருக்கெல்லாம் அனுப்பக் கூடாது என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. முதலில் அதை நீக்குங்கள்.

நான் இரண்டு கட்சியிலும் இல்லை. என் கேள்வி வேறு. கையில் ஊசி இருக்கும்போது பாட்டில் எப்போதும் கையைவிட உயரத்தில் இருக்க வேண்டும், குழந்தையைத் தூக்க வேண்டுமானால் சிஸ்டரைக் கூப்பிட வேண்டும் என்று அந்தத் தாயிடம் முன்னாலேயே யாராவது சொன்னார்களா? சொல்ல அரை நிமிஷம் ஆகும். சொல்லியிருந்தால் அந்தச் சண்டையே இல்லை.

நம் ஊர்க் குழந்தைகள் வார்டில் இரவு பத்து மணிக்கு மேல் போய்ப் பார்த்தவர்களுக்குத் தெரியும், உண்மையில் யார் நர்ஸ் வேலை பார்க்கிறார்கள் என்று. ஈரத்துணியால் உடம்பு துடைப்பது, கஞ்சி ஊட்டுவது, எத்தனை முறை வாந்தி, எத்தனை முறை சிறுநீர் என்று கணக்கு வைப்பது, டிரிப்ஸ் நின்றுவிட்டதா என்று பார்ப்பது, குழந்தை ஊசியைப் பிடுங்காமல் கையைப் பிடித்துக்கொண்டே விடிய விடிய உட்கார்ந்திருப்பது எல்லாம் தாய்தான், அல்லது பாட்டிதான். சம்பளமில்லாத, பயிற்சியில்லாத நர்ஸ். வேலையை அவள் தலையில் கட்டுகிறோம். எப்படிச் செய்வது என்று மட்டும் சொல்ல மாட்டோம். தப்பாகச் செய்தால் கத்துவோம். எந்தப் பள்ளிக்கூடத்திலாவது பாடமே நடத்தாமல் பரீட்சை வைப்பார்களா?

ஒரு சம்பவம் சொல்கிறேன். ஆஸ்பத்திரி பேர் வேண்டாம், ஆள் பேரும் வேண்டாம். எங்கள் தெருப் பெண் ஒருத்தி, ஏழு வயதுப் பையனுக்கு டெங்கு. மூன்று நாள் வைத்திருந்து, காய்ச்சல் விட்டதும் வீட்டுக்கு அனுப்பினார்கள். இவளுக்கும் சந்தோஷம். காய்ச்சல் விட்டால் நோய் விட்டது என்றுதானே நாம் தலைமுறை தலைமுறையாக நம்புகிறோம்? ஆனால் டெங்குவில் ஆபத்தான கட்டம் பெரும்பாலும் காய்ச்சல் இறங்கும்போதுதான் தொடங்குகிறது. ரத்தக் குழாயிலிருந்து நீர் கசிவதும், ரத்த அழுத்தம் இறங்குவதும் அந்த இருபத்துநாலு, நாற்பத்தெட்டு மணி நேரத்தில்தான். மறுநாள் பையன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு அழுதான். இரண்டு முறை வாந்தி. கை கால் சில்லிட்டது. "காய்ச்சல்தான் இல்லையே, பசியில வாடிக் கிடக்கான்" என்று மாமியார் ரசஞ்சாதம் கரைத்துக் கொடுத்தார். சாயங்காலம் அவள் என் வீட்டுக்கு அந்தக் காகிதத்தை எடுத்து வந்தாள், "டீச்சர், இதுல என்ன போட்டிருக்குன்னு பாருங்க" என்று.

முழுக்க ஆங்கிலம். கடைசிக்கு மேல் வரி: 'வார்னிங் சைன்ஸ் எக்ஸ்பிளெய்ன்டு'. அபாய அறிகுறிகள் விளக்கப்பட்டன! எழுதியதுகூட இல்லை, அச்சடித்தே வைத்திருக்கிறார்கள், எல்லார் காகிதத்திலும் வருகிற வரி. அதற்குக் கீழே இவள் தமிழில் கையெழுத்துப் போட்டிருக்கிறாள். "என்ன சொன்னாங்க?" என்றேன். "பில்லு கட்டிட்டு கையெழுத்துப் போடுன்னாங்க டீச்சர்" என்றாள்.

108-ஐக் கூப்பிட்டோம். பையன் பிழைத்தான், இப்போது தெருவில் கிரிக்கெட் ஆடுகிறான். பிழைத்ததனால் இது யாருக்கும் செய்தியில்லை. ஆனால் அந்த ஒரு வரியை என்னால் விட முடியவில்லை. சொல்லாமல் விடுவது சோம்பல் என்று வைத்துக்கொள்ளலாம். சொல்லாததைச் சொன்னதாக எழுதி, அதில் தாயிடமே கையெழுத்து வாங்குவதற்கு என்ன பெயர்? வருகைப் பதிவேட்டில் வராத பிள்ளைக்கு வந்ததாகக் குறித்தால் எங்களுக்கு மெமோ வரும்.

கடுமையான வயிற்றுவலி, நிற்காத வாந்தி, ஈறிலோ மூக்கிலோ ரத்தம், கறுப்பாக மலம், பிள்ளை சோர்ந்து கிடப்பது அல்லது காரணமில்லாமல் எரிச்சல்படுவது, கை கால் சில்லிடுவது, ஆறு மணி நேரமாகச் சிறுநீர் இல்லாதது. இதில் ஒன்று இருந்தாலும் காய்ச்சல் இல்லாவிட்டாலும் உடனே ஆஸ்பத்திரி. இவ்வளவுதான் அந்த 'வார்னிங் சைன்ஸ்'. இதைத் தமிழில் அச்சடிக்க அரைப் பக்கம் போதும்.

இப்போது "சொன்னாலும் புரியாது" கட்சிக்காரர்களுக்கு வருகிறேன். இந்த வாக்கியத்தை நான் 34 வருஷம் ஆசிரியர் அறையில் கேட்டவள். புரியாது என்று சொல்கிறவர் பெரும்பாலும் சொல்லிப் பார்த்ததே இல்லை என்பது என் அனுபவம். காஞ்சிபுரத்தைச் சுற்றி இருந்துகொண்டு இதைச் சொல்ல நமக்குக் கூசவில்லையா? ஆயிரக்கணக்கான பாவு இழைகளை ஒன்றொன்றாக விரலால் முறுக்கிப் பிணைக்கிற பெண்ணுக்கு, ஒன்று தப்பினால் எங்கே தப்பியது என்று கண்டுபிடிக்கிறவளுக்கு, ஜக்கார்டு அட்டையின் ஓட்டையைப் பார்த்தே பூ எங்கே விழும் என்று சொல்கிறவளுக்கு, பிள்ளை எத்தனை முறை சிறுநீர் போனான் என்று எழுதி வைக்கத் தெரியாதா?

1971 கதை கேளுங்கள். வங்கதேசப் போர். எல்லை தாண்டி வந்த அகதிகள் பன்கான் ஊரில் குவிந்தார்கள், காலரா பரவியது. டாக்டர் திலீப் மகலனாபிஸ் அங்கே வேலை பார்த்தார். நரம்பில் ஏற்றும் திரவம் தீர்ந்துபோயிற்று. ஏற்றத் தெரிந்த ஆட்களும் போதவில்லை. உப்பு, சர்க்கரை, சோடா உப்பு கலந்த நீரைப் பீப்பாயில் வைத்து, நோயாளியோடு வந்த சொந்தக்காரர்களிடமே டம்ளரைக் கொடுத்தார்: மொண்டு கொடுத்துக்கொண்டே இருங்கள் என்று. முகாமில் முப்பது சதவீதம் வரை இருந்த சாவு, இப்படிப் பார்த்தவர்களிடையே நாலு சதவீதத்துக்கும் கீழே இறங்கியது. வீடு வாசல் இழந்து சேற்றில் கிடந்தவர்கள் அவர்கள். அவர்களுக்குப் புரிந்தது. நம் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கொடுக்கும் ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டுக்குப் பின்னால் அந்தச் சொந்தக்காரர்களின் கையும் இருக்கிறது. டாக்டர் 2022-இல் காலமானார், மறு வருஷம் பத்ம விபூஷண் கொடுத்தோம். அவர் செய்து காட்டியதை வார்டில் செய்கிறோமா என்பது வேறு விஷயம்.

வெளிநாட்டைப் பார் என்று சிலர் சொல்வீர்கள். பார்த்தேன். இங்கிலாந்தில் ஒரு காலத்தில் குழந்தையை ஆஸ்பத்திரியில் விட்டால் வாரத்துக்கு ஒருமுறை மட்டும் தாயை உள்ளே விட்ட இடங்கள் உண்டு. தாய் வந்தால் பிள்ளை அழுகிறது, வராவிட்டால் அமைதியாக இருக்கிறது என்பது அவர்கள் கண்டுபிடிப்பு. ஜேம்ஸ் ராபர்ட்சன் என்பவர் 1952-இல் ஒரு படம் எடுத்தார். ஆஸ்பத்திரியில் எட்டு நாள் இருந்த இரண்டு வயதுப் பெண் குழந்தை. அமைதி என்று நினைத்தது அமைதி இல்லை, பிள்ளை மனம் விட்டுப்போனது என்று அதில் தெரிந்தது. 1959-இல் பிளாட் என்பவர் தலைமையில் அரசுக் குழு அறிக்கை கொடுத்தது: பெற்றோர் எந்நேரமும் வரட்டும், சிறு பிள்ளையோடு தாய் தங்கட்டும். நம் நாட்டில் இதற்குப் போராட வேண்டியே இருக்கவில்லை. எழும்பூர் குழந்தைகள் ஆஸ்பத்திரியில் பாருங்கள், பிள்ளை பக்கத்தில் தாய் இருக்கிறாள். அவர்கள் போராடி வாங்கியது நம்மிடம் இயல்பாகவே இருக்கிறது. அதை வைத்துக்கொண்டு அவளைக் கூட்டமாகவும் இடைஞ்சலாகவும்தான் பார்க்கிறோம்.

அரசாங்கத்துக்கும் இது தெரியாததல்ல. 2017-இல் மத்திய சுகாதார அமைச்சகமே பச்சிளங்குழந்தைப் பிரிவுகளுக்கு வழிகாட்டி வெளியிட்டது. கை கழுவுவது, பால் புகட்டுவது, மார்போடு அணைத்து வைப்பது, வீட்டுக்குப் போனபின் என்ன கவனிப்பது என்று தாய் தகப்பனுக்கு முறையாகச் சொல்லிக்கொடுத்து, அவர்களையும் பராமரிப்பில் சேர்க்க வேண்டும் என்று. 2021-இல் ஐந்து நாடுகளில் நடந்த ஆய்வின் முடிவு வந்தது, டெல்லி சப்தர்ஜங் ஆஸ்பத்திரியும் அதில் உண்டு. எடை குறைந்த குழந்தையைப் பிறந்தவுடனேயே தாயின் மார்போடு சேர்த்து வைத்ததில் சாவு நாலில் ஒரு பங்கு குறைந்தது. பிறந்த குழந்தைக்குப் பொருந்துகிற இந்தப் புத்தி, இரண்டு வயதுக் குழந்தையின் வார்டுக்கு ஏன் வரவில்லை?

ஏன் என்றால் ஆள் இல்லை. நர்ஸாக இருக்கும் என் மாணவிகளே, உங்களுக்காகத்தான் இந்தப் பத்தி. முப்பது கட்டிலுக்கு மேல், இரவில் ஒருத்தி. ஊசி போட, எழுத, புது அட்மிஷன் பார்க்க, ஆக்சிஜன் பார்க்க. அதில் எந்தத் தாய்க்கு உட்கார்ந்து பாடம் நடத்துவாள்? 2015-இல் எம்.ஆர்.பி. தேர்வு எழுதி வந்த நர்ஸ்களை 7,700 ரூபாய் தொகுப்பூதியத்தில் எடுத்தார்கள். 2017 நவம்பரில் அந்தப் பெண்கள் சென்னை டி.எம்.எஸ். வளாகத்தில் உட்கார்ந்து போராடினார்கள். இரண்டு வருஷத்தில் நிரந்தரம் என்ற வாக்கைத்தான் கேட்டார்கள். அன்றைக்கு நம் குடும்பக் குழுவில் ஒரு வீடியோவும் சுற்றவில்லை. நர்ஸ் கத்தினால் மட்டும் நமக்கு நர்ஸ் ஞாபகம் வருகிறது. தனியார் ஆஸ்பத்திரிக் கதையைக் கேட்கவே வேண்டாம். அங்கே பில்லில் பஞ்சுக்குக்கூட வரி இருக்கும், விளக்கிச் சொல்வதற்கு வரி இருக்காது. காசு வராத வேலைக்கு ஆள் போட மாட்டார்கள்.

நம் பக்கத்தையும் சொல்லாமல் விடமாட்டேன். "சோறு தின்னலன்னா ஊசி போட்டுடுவாங்க" என்று இரண்டு வயதிலிருந்து பயமுறுத்தி வளர்த்துவிட்டு, ஆஸ்பத்திரியில் "ஊசியே இல்லடா செல்லம்" என்று பொய் சொல்லிக் கூட்டிப் போகிறீர்கள். குத்திய அடுத்த நொடி அந்தப் பிள்ளைக்கு நர்ஸும் எதிரி, நீங்களும் எதிரி. கொஞ்சம் வலிக்கும், சீக்கிரம் முடிந்துவிடும், அம்மா பிடித்துக்கொள்கிறேன் என்று சொன்னால் போதும். நாலு பேர் கையையும் காலையும் அமுக்குவதைவிட மடியில் நெஞ்சோடு அணைத்துப் பிடித்தால் அழுகை குறையும். கைக்குழந்தையானால் பால் கொடுத்துக்கொண்டே இருக்கலாம். பார்க்கிறேன் பேர்வழி என்று இருமலோடு எட்டுப் பேர் பிஸ்கட் பாக்கெட்டுடன் வார்டுக்குள் நுழைவதை நிறுத்துங்கள். ஒருத்தர் போய்த் தாயை இரண்டு மணி நேரம் தூங்க விட்டு வாருங்கள், அது உதவி.

இன்னொன்று, கணக்குப் பாடம். பாரசிட்டமால் சிரப்பில் 5 மில்லியில் 125 மில்லிகிராம் உள்ளதும் இருக்கிறது, 250 உள்ளதும் இருக்கிறது. சொட்டு மருந்தில் 1 மில்லியிலேயே 100 இருக்கும். போன தடவை "ஒரு மூடி" என்று கொடுத்த ஞாபகத்தில் இந்தத் தடவை வேறு பாட்டிலில் ஒரு மூடி கொடுத்தால் இரண்டு மடங்கு. சொட்டு மருந்தை 5 மில்லி ஊற்றினால் நாலு மடங்கு! குழந்தையின் எடைக்குத்தான் அளவு, வயதுக்கு இல்லை. பாட்டிலை நர்ஸிடம் காட்டி, "இதில் எத்தனை மில்லி, எத்தனை மணிக்கொரு முறை" என்று கேட்டு அட்டையிலேயே எழுதி வாங்குங்கள். கேட்டதைத் திருப்பிச் சொல்லிக் காட்டுங்கள். வகுப்பில் நான் உங்களை எழுப்பி நிற்கவைத்துச் செய்ததுதான் அது.

நான் கேட்பது பெரிய கட்டடம் இல்லை. தாய்க்குச் சொல்லிக்கொடுப்பதை நர்ஸின் வேலை நேரத்தில் ஒரு வேலையாகக் கணக்கில் எடுங்கள், அதற்குத் தகுந்த ஆளைப் போடுங்கள். 'விளக்கப்பட்டது' என்ற அச்சு வரியை எடுத்துவிட்டு, தாய் திருப்பிச் சொன்னாளா என்று எழுத இடம் விடுங்கள். வீட்டுக்குக் கொடுக்கும் காகிதம் தமிழில் இருக்கட்டும். பிள்ளை வரம் கேட்டு, வறுத்த பயறு முளைக்கும் என்று நம்பி, எங்கெங்கிருந்தோ பெண்கள் எங்கள் திருப்புட்குழிப் பெருமாள் கோயிலுக்கு வருகிறார்கள். அப்படித் தவமிருந்து பெற்ற பிள்ளையை, படிக்கத் தெரியாத மொழியில் ஒரு காகிதத்தோடு திருப்பி அனுப்புகிறோம்.

கிராம சபையில் இதை ஒரு தீர்மானமாகக் கொடுக்கப் போகிறேன். கூட யார் யார் வருகிறீர்கள் என்று சொல்லுங்கள்.

நர்ஸாக இருக்கும் பெண் பிள்ளைகளுக்கு ஒரு வீட்டுப்பாடம். டெங்கு, வயிற்றுப்போக்கு, வலிப்பு, மூச்சிரைப்பு நாலுக்கும் வீட்டில் என்ன பார்க்க வேண்டும், எப்போது திரும்ப வர வேண்டும் என்று ஆளுக்கு ஒன்றாகத் தமிழில் எழுதி அனுப்புங்கள். உங்கள் வார்டு டாக்டரிடம் காட்டிச் சரிபார்த்த பிறகு. பாலுசெட்டிசத்திரத்தில் ஜெராக்ஸ் எடுக்கும் செலவு என்னுடையது. ஒரு பக்கத்துக்கு மேல் போகக் கூடாது. எழுத்துப் பிழை இருந்தால் சிவப்பு மையில் திருத்தித் திருப்பி அனுப்புவேன்.