ஒரே தராசு



சென்ற மாதம் சிதம்பரத்தில் நம் சேகரத்தார் ஒருவரின் இல்லத்திற்கு ஜெபிக்கச் சென்றிருந்தேன். பிரான்சிலிருந்து விடுமுறையில் வந்த மகன், பர்கண்டிப் பகுதியின் வெள்ளைத் திராட்சரசம் இரண்டு புட்டிகள் கொண்டுவந்திருந்தார். கண்ணாடிக் கிண்ணத்தைச் சாய்த்து அதன் இளம்பொன் நிறத்தைக் காட்டினார். சுழற்றி முகர்ந்து, எலுமிச்சையும் வெண்ணெயும் வறுத்த பாதாமும் மணக்கிறதென்று விளக்கினார். "ஐயரவர்களே, இது குடியல்ல, ருசி பார்க்கும் கலை" என்றார் தகப்பனார். இரவு உணவு முடியுமுன் இருவருமாக இரண்டு புட்டிகளையும் தீர்த்துவிட்டார்கள்.

அதே வாரத்தில் ஒரு மனு வந்தது. கடலூர் முதுநகரில் மூட்டை சுமக்கும் சகோதரர் ஒருவர் குடிக்கிறாராம். அவரைத் திருவிருந்திலிருந்து விலக்கவேண்டுமாம். முதல் கையொப்பம் அந்தத் தகப்பனாருடையது. அவரிடம் நேரில் பேசிய பின்னரே இதை எழுதுகிறேன்.

அது கலை என்பதை நான் மறுக்கவில்லை. 1098இல் சீத்தோவில் மடம் அமைத்த துறவிகளும் அவர்கள் வழிவந்தோரும் பர்கண்டியின் திராட்சத் தோட்டங்களைப் பேணி வளர்த்தவர்கள். ஆனால் அக்கலைக்கு ஓர் ஒழுங்கு உண்டு. அதைத் தொழிலாகச் செய்கிறவர் ரசத்தை வாயில் உருட்டி, புளிப்பையும் மணத்தையும் நிதானித்து, பின்பு துப்பிவிடுகிறார். மயக்கம் தீர்ப்பைக் கெடுக்கும் என்பதை அவர் அறிவார். புட்டி காலியாகும்வரை விழுங்குகிறவர் செய்வதற்குப் பெயர் குடித்தல்.

கணக்கையும் பாருங்கள். நூற்றுக்கு 13 பங்கு சாராயச் சத்துள்ள 750 மில்லி புட்டியில் அச்சத்து ஏறக்குறைய 97 மில்லி. நூற்றுக்கு 42.8 பங்குள்ள 180 மில்லி பிராந்தியில், அதாவது ஒரு குவார்ட்டரில், 77 மில்லி. எது அதிகம்? ஈரல் விலைச்சீட்டை வாசிப்பதில்லை.

நாமோ விலைச்சீட்டையே வாசிக்கிறோம். 1976 மே 24 அன்று பாரிசில் பெயர்ச்சீட்டை மறைத்து ஒரு சோதனை நடந்தது. பர்கண்டியின் புகழ்பெற்ற வெள்ளை ரசங்கள் நான்கு அங்கே இருந்தும், பிரெஞ்சு நடுவர்கள் கலிபோர்னியாவிலிருந்து வந்த ஒன்றையே முதலிடத்தில் வைத்தார்கள். சீட்டு மறைந்தபோது தீர்ப்பு மாறிற்று.

தங்கள் புட்டிக்குக் கானா ஊர்க் கலியாணத்தைச் சாட்சியாக அழைக்கிறவர்கள் அதை முழுவதும் வாசிக்கட்டும். அங்கே பந்திவிசாரிப்புக்காரன், ரசம் எங்கிருந்து வந்ததென்று அறியாமலே ருசிபார்த்து, அதை நல்லதென்று தீர்த்தான். தண்ணீர் மொண்ட வேலைக்காரரோ அறிந்திருந்தார்கள். இதை நம் மனுதாரர்கள் கவனிக்கவேண்டும்: சீட்டைப் பாராத தீர்ப்பு அங்கே நடந்தது, இரகசியம் கூலிக்காரரிடம் இருந்தது.

மூட்டை சுமக்கும் சகோதரரின் குடியை நான் நியாயப்படுத்தவில்லை. அவருடைய கூலி வீட்டை எட்டுவதில்லை. அவர் மனைவியின் கண்ணீரைக் கண்டிருக்கிறேன். ஆனால் ஏழையின் கிண்ணத்தைப் பாவமென்றும் செல்வனின் கிண்ணத்தை ரசனையென்றும் நிறுக்கும் தராசு தேவனுடையதல்ல. அந்த மனுவைத் திருப்பி அனுப்பிவிட்டேன். மீண்டும் கொண்டுவருவதானால் இரண்டு பெயர்களையும் எழுதிக்கொண்டு வாருங்கள். அதற்கு மனமில்லையானால், அந்தச் சகோதரர் வீட்டிற்கு என்னுடன் வாருங்கள். அவர் விடுபடத் துணைநிற்போம்.

கர்த்தர் நமக்கு ஒரே தராசைத் தருவாராக. ஆமென்.