எலும்பு கூடிடுச்சு... முட்டியின் கணக்கு முடிஞ்சுதா?

கடலூரிலிருந்து சிதம்பரம் சுமார் 45 கி.மீ. முதுநகர், ஆலப்பாக்கம், புதுச்சத்திரம், பி.முட்லூர் என்று நீளும் அந்தச் சாலையில், சிப்காட் ஷிப்ட் முடிந்து திரும்புபவர்கள், கல்லூரி மாணவர்கள் என எந்நேரமும் பைக் ஓட்டம்தான். வண்டி சறுக்கினால் தலையைக் காப்பாற்ற ஹெல்மெட் இருக்கிறது. முட்டிக்கு எதுவும் இல்லை.

விழுந்து அடிபட்டவருக்கு மூன்று, நான்கு மாதம் கழித்து வீட்டில் எல்லோரும் சொல்லும் ஆறுதல் ஒன்று உண்டு: "எலும்பு கூடிடுச்சு, இனிமே பயமில்ல." காலின் நடு எலும்பு முறிந்தவருக்கு இது பெரும்பாலும் பொருந்தும். முறிவு முட்டிக்குள் போயிருந்தால், இது பாதி உண்மை மட்டுமே.

முட்டி ஏன் தனி ரகம்?

தொடை எலும்பும், டிபியா எனப்படும் கீழ்க்கால் எலும்பும் சந்திக்கும் இடம்தான் முட்டி. டிபியாவின் தலைப்பகுதி ஒரு சின்ன மேடை மாதிரி இருக்கும். மேலிருந்து வரும் எடை அதன் மீதுதான் இறங்குகிறது. மேடையின் மேல் வழவழப்பாகப் படிந்திருப்பது குருத்தெலும்பு. பேச்சு வழக்கில் இதையும் 'ஜவ்வு' என்றுதான் சொல்கிறார்கள்.

எலும்பு உடைந்தால் புது எலும்பு வளர்ந்து ஒட்டிக்கொள்ளும். குருத்தெலும்புக்கு நேரடி ரத்த ஓட்டம் இல்லாததால் அது அப்படி வளராது. மேடை உள்ளே அமுங்கி, படிக்கட்டு மாதிரி ஏற்ற இறக்கத்தோடு கூடினாலோ, கால் ஒரு பக்கம் சாய்ந்து கூடினாலோ, எடை ஒரே இடத்தில் அழுத்தும். தேய்மானம் வேகம் பிடிக்கும். அதாவது, எலும்பு ஒட்டிய பிறகும் மூட்டு மெல்ல மெல்லக் கெட்டுக்கொண்டிருக்கலாம்.

எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்?

முட்டியில் அடிபட்ட எல்லோருக்கும் எக்ஸ்ரே தேவையா? இதற்கு 1990-களில் கனடாவில் உருவான 'ஒட்டாவா முழங்கால் விதிகள்' உலகம் முழுக்கப் பயன்படுகின்றன. 55 வயதோ அதற்கு மேலோ, முட்டிச் சிப்பியில் மட்டும் தொட்டால் வலி, முட்டிக்குக் கீழே வெளிப்பக்கம் உள்ள ஃபிபுலா எலும்பின் தலையில் வலி, முட்டியை 90 டிகிரி மடக்க முடியாமை, அடிபட்ட உடனேயும் மருத்துவமனையிலும் 4 அடி நடக்க முடியாமை. இந்த ஐந்தில் ஒன்று இருந்தாலே எக்ஸ்ரே எடுக்க வேண்டும்.

எக்ஸ்ரேயில் விரிசல் தெரிந்தால், மேடை எவ்வளவு அமுங்கியது, எத்தனை துண்டானது என்பதை சி.டி. ஸ்கேன் துல்லியமாகக் காட்டும். தசைநார், மெனிஸ்கஸ் கிழிசலைப் பார்க்க எம்.ஆர்.ஐ. மேடை முறிவுகளை டொரன்டோ மருத்துவர் ஜோசப் ஷாட்ஸ்கர் 1979-ல் ஆறு வகையாகப் பிரித்தார். முதல் மூன்று வகைகள் வெளிப்பக்கம் மட்டும். நான்காவது உட்பக்கம். ஐந்தாவதில் இரண்டு பக்கமும் உடைந்திருக்கும். ஆறாவதில் மேடையே தண்டு எலும்பிலிருந்து பிரிந்திருக்கும். நாட்டு வைத்தியக் கட்டு ஆபத்தாவது இங்கேதான்: உள்ளே அமுங்கிய மேடை கையால் தடவிப் பார்த்தால் தெரியாது.

எத்தனை பேருக்கு மூட்டு மாற்று?

கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில், இந்த முறிவுக்கு அறுவை சிகிச்சை செய்துகொண்ட 8,426 பேரைத் தொடர்ந்து கவனித்த ஆய்வு 2014-ல் வெளியானது. 10 ஆண்டுகளில் அவர்களில் 7.3 சதவீதம் பேருக்கு மூட்டு மாற்று தேவைப்பட்டது. அதே வயதில், முறிவு இல்லாத மற்றவர்களிடம் அது 1.8 சதவீதம். மற்ற காரணங்களையும் கணக்கில் சேர்த்தபோது ஆபத்து சுமார் 5 மடங்கு. வயது கூடக் கூடவும், இரண்டு பக்கமும் உடைந்திருந்தாலும், வேறு நோய்கள் இருந்தாலும் ஆபத்து அதிகம்.

இதே எண்ணைத் திருப்பியும் படிக்கலாம். 100 பேரில் 92 பேருக்கு மேல் பத்து ஆண்டுகளில் மூட்டு மாற்று இல்லாமலேயே இருந்தார்கள். எனவே 'முட்டி போச்சு' என்று இடிந்து போகவும் வேண்டாம், 'கூடிடுச்சு' என்று மறந்துவிடவும் வேண்டாம்.

48 மணி நேரமும் 10 வருடமும்

2021 டிசம்பர் 18 அன்று தொடங்கிய 'இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48' திட்டம், சாலை விபத்தில் சிக்கியவருக்கு முதல் 48 மணி நேர சிகிச்சையை இலவசமாக்கியது. உயிர் காக்கும் நல்ல திட்டம். கடலூரில் மாவட்டத் தலைமை மருத்துவமனை இருக்கிறது. சிதம்பரத்தில் ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரியாக 1985-ல் தொடங்கியது, இன்று அரசுக் கல்லூரி மருத்துவமனை. முதல்வர் காப்பீட்டுத் திட்டத்தில் மூட்டு மாற்றும் உண்டு.

குறை எங்கே? முட்டியின் கணக்கு 48 மணி நேரத்தில் முடிவதில்லை. கட்டுப் பிரித்த பிறகு வலி பொறுக்கும்படி இருந்தால், கூலி வேலையை விட்டுவிட்டு பஸ் ஏறி மறுபரிசோதனைக்கு வருபவர் எத்தனை பேர்? நடவு வயலில் குனிந்து, தரையில் சம்மணம் போட்டு, குந்தி உட்கார்ந்து வாழும் ஊரில், தேய்ந்த முட்டி என்பது வலி மட்டுமல்ல, வேலை இழப்பும்தான்.

இழப்பீட்டிலும் இதே சிக்கல். 2022 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த திருத்தம், விபத்து நடந்து 6 மாதத்துக்குள் மனு செய்யச் சொல்கிறது. அதை எதிர்த்தும் வழக்குகள் தொடரப்பட்டுள்ளன. தேய்மானமோ பல ஆண்டுகள் கழித்துத்தான் முகம் காட்டும். ராஜ்குமார் எதிர் அஜய் குமார் வழக்கில் 2010-ல் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், இழப்பீட்டின் தலைப்புகளில் ஒன்றாக 'எதிர்கால மருத்துவச் செலவை'யும் பட்டியலிட்டது. ஆனால் அதைக் கேட்க மருத்துவ ஆதாரம் வேண்டும். ஊனம் எத்தனை சதவீதம் என்ற ஒற்றை எண், பத்து வருடம் கழித்து வரக்கூடிய அறுவை சிகிச்சையைச் சொல்லாது.

என்ன செய்யலாம்?

டிஸ்சார்ஜ் சீட்டில் 'முழங்கால் எலும்பு முறிவு' என்ற ஒற்றை வரி போதாது. எந்த வகை முறிவு, மூட்டுப் பரப்பு எவ்வளவு சமமாகக் கூடியது, அடுத்து எப்போது வர வேண்டும், பின்னாளில் மூட்டு மாற்று தேவைப்படலாமா என்ற நான்கும் தமிழில் இருக்க வேண்டும். மருத்துவமனைக்கு இது ஐந்து நிமிட வேலை. நோயாளிக்கு அது பத்து வருட ஆவணம்.

அதுவரை குடும்பத்தார் செய்ய வேண்டியது எளிது. இந்த நான்கையும் டாக்டரிடம் வாய்விட்டுக் கேளுங்கள். எக்ஸ்ரே, சி.டி. படங்களைப் பத்திரமாக வையுங்கள். ஊன்றி நடக்கச் சொல்லும் வரை கால் ஊன்ற வேண்டாம், சொன்ன பிறகு பயிற்சியை விட வேண்டாம். பாதம் ஜில்லிட்டாலோ, மரத்தாலோ, கெண்டைக்காலில் தாங்க முடியாத வலி வந்தாலோ அன்றைக்கே மருத்துவமனைக்கு ஓடுங்கள். எலும்பு கூடியதைக் கொண்டாடலாம். முட்டியை வருடத்துக்கு ஒரு முறையாவது காட்டிவிட்டு வந்து கொண்டாடுவது நல்லது.