சுடரில் மஞ்சள்

கைவினைகளை ஆவணப்படுத்தும் நாம் பெயர்ச்சொற்களைத் திரட்டியதும் நிறைவடைந்துவிடுகிறோம். புவிசார் குறியீடு பெற்ற வாரணாசிக் கண்ணாடி மணிகளைப் பற்றி எழுதினாலும், 'ஒளிபுகா மஞ்சள்' என்றொரு நிறப்பெயரைப் பட்டியலில் ஏற்றிவிட்டு நகர்கிறோம். சுடரில் அதை உருக்குபவரின் கண்ணுக்கோ அது மஞ்சளாகத் தெரிவதே அரிது.

காட்மியம் சல்பைடால் நிறமூட்டிய கண்ணாடிக் கம்பி உருகும்போது செம்மஞ்சளாகவும் செம்பழுப்பாகவும் தோன்றும். ஆறிய பின்பே மஞ்சள் திரும்பும். சூடு மிகுந்தால் குமிழியிட்டுக் கருக்கும். ஈயமும் வெள்ளீயமும் சேர்ந்த பழைய வகை மஞ்சள், ஆக்சிஜன் குறைந்த சுடரில் சாம்பல் பூக்கும். கந்தகம் கொண்ட மஞ்சளின்மேல் செம்பு கலந்த நீலப்பச்சையை வைத்தால், இரண்டும் தொடும் விளிம்பில் கரிய கோடு விழும். அதைப் பழுதென்று ஒதுக்குவோரும் உண்டு, அணியாக்கிக் கொள்வோரும் உண்டு. (நம் வினாநிரலில் இதற்கெல்லாம் கட்டமே கிடையாது.)

ஆறிய மணியைக் காட்டி 'இது என்ன நிறம்?' என்று கேட்பது எங்ஙனம் போதும்? சுடரருகே அமர்ந்து, கம்பியை எப்போது விலக்குகிறார், அந்நொடியை எவ்வினைச்சொல்லால் சுட்டுகிறார் என்பதைப் பதியவேண்டும்.

அவ்வாறு அமர்பவருக்கு இன்னொன்றும் புலப்படும். காட்மியமும் ஈயமும் நஞ்சு. கம்பியில் எது கலந்துள்ளது என்பதை விற்போர் எழுதித் தரவேண்டும். மணிக்குக் குறியீடு பெறுவதில் காட்டிய முனைப்பை, அதைச் செய்பவரின் அறையில் புகைபோக்கி அமைப்பதிலும் அரசு காட்டவேண்டும். நம் களஆய்வு அறிக்கைகளில் இக்கோரிக்கை இடம்பெறத் தடையேதும் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.